தடுப்பாட்டக்காரரின் ஆட்ட வாழ்க்கையை வாசிக்கும் முறை: டோனி ஆடம்ஸை முன்வைத்து

முன்கள வீரர் ஒருவரைப் பற்றி அறிய விரும்புகிறவர், அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கிவிடலாம். தடுப்பாட்டக்காரரைப் பற்றி அறிய விரும்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. நடக்கவிருந்த ஒன்றை நடக்காமல் செய்வதே அவருடைய தொழில். விழாமற்போன கோலை எந்தப் பதிவேடும் குறித்துவைப்பதில்லை. ஏரிக்கரை உறுதியாக நிற்கும்வரை ஊரில் யாரும் கரையைப் பற்றிப் பேசுவதில்லை. உடைந்த அன்றுதான் பேசுகிறார்கள். தடுப்பாட்டக்காரரின் பெயரும் பெரும்பாலும் அப்படித்தான் நாளிதழில் இடம்பெறுகிறது.

ஆகவே, இங்கிலாந்துக் கால்பந்தின் பின்கள வீரர் ஒருவருடைய வாழ்க்கையை ஒழுங்காக வாசிக்க வேண்டுமானால் அதற்கென்று தனி முறை வேண்டும். பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளையும் பருவ வாரியான பதிவுகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்ததில் எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக டோனி ஆடம்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1983 முதல் 2002 வரை லண்டனின் ஆர்சனல் என்ற ஒரே சங்கத்துக்காக 669 ஆட்டங்களில் ஆடியவர் என்பதால், அவரைப் படிக்கும்போது சங்கம் மாறியதால் ஏற்படும் குழப்பங்கள் இல்லை. அவருடைய வெற்றிகளைப் போலவே வீழ்ச்சிகளும் பொதுவெளியில் பதிவானவை. தடுப்பாட்டத்தைப் பாதித்த விதிமாற்றங்களும் அவர் ஆடிய காலத்திலேயே வந்தன. இந்த மூன்றும் ஒருவரிடமே அமைவது அரிது.

முதலில் ஒரு பருவ ஏடு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பருவத்துக்கு ஒரு வரி வீதம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: அவர் எத்தனை லீக் ஆட்டங்களில் ஆடினார், அணி எத்தனை கோல் வாங்கியது, பட்டியலில் எந்த இடத்தில் முடித்தது, பயிற்சியாளர் யார், பின்களத்தில் அவருக்கு இருபுறமும் நின்றவர்கள் யார். கோப்பைகளை இப்போதைக்கு எழுதாதீர்கள். கோப்பையை முதலில் எழுதிவிட்டால், அந்தப் பருவத்தில் நடந்தவை யாவும் அதன் ஒளியில் நல்லவையாகத் தோன்றத் தொடங்கும்.

ஏட்டின் தலைப்பில் பிறப்பும் தொடக்கமும் வரட்டும். ஆடம்ஸ் 1966 அக்டோபர் 10 அன்று லண்டனின் கிழக்கே ரோம்ஃபோர்டில் பிறந்து, அருகிலுள்ள டேகனத்தில் வளர்ந்தவர். பள்ளி மாணவராக இருந்தபோதே 1980இல் ஆர்சனலில் சேர்ந்தார். 1983 நவம்பர் 5 அன்று, பதினேழு வயதில், ஆர்சனலின் அப்போதைய சொந்த மைதானமான ஹைபரியில் சண்டர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்தை ஆடினார். அந்த ஆட்டத்தில் ஆர்சனல் 1-2 என்று தோற்றது. 1988 ஜனவரி 1 அன்று, இருபத்தொரு வயதில், அணித்தலைவரானார். ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. இவற்றைத் தலைப்பில் எழுதிவிட்டு வரிகளை நிரப்பத் தொடங்குங்கள்.

வாங்கிய கோல்களைப் படிப்பது

ஏட்டில் முதலில் கண்ணை ஓட்ட வேண்டியது வாங்கிய கோல்களின் எண்ணிக்கையில்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆர்சனலின் மூன்று பருவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1988-89இல் அணி 38 ஆட்டங்களில் 36 கோல் வாங்கியது. சாம்பியன் பட்டம் கிடைத்தது. 1990-91இல் 18 கோல் மட்டுமே வாங்கியது, மீண்டும் பட்டம். 1998-99இல் அதிலும் ஒன்று குறைவாக 17 கோல்தான்; ஆனால் மான்செஸ்டர் யுனைடெட்டைவிட ஒரு புள்ளி குறைந்து இரண்டாமிடம். தடுப்பாட்டம் மிகச் சிறப்பாக இருந்த பருவத்தில் பட்டம் கைநழுவியது; அதில் பாதியளவே உறுதியாக இருந்த பருவத்தில் பட்டம் வந்தது. 1988-89இல் இரண்டாமிடம் பெற்ற லிவர்பூல் வாங்கியது 28 கோல்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரு அணிகளுக்கும் 76 புள்ளிகள், கோல் வித்தியாசமும் இருவருக்கும் 37. ஆர்சனல் 73 கோல் அடித்திருந்தது, லிவர்பூல் 65 அடித்திருந்தது என்ற ஒரே காரணத்தால் பட்டம் லண்டனுக்கு வந்தது. கோப்பையை முதலில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, அவர் ஆடாத நாட்களைத் தேடுங்கள். ஒரு தடுப்பாட்டக்காரரின் மதிப்பை அவர் இல்லாத ஆட்டங்கள் சில வேளைகளில் நன்றாகக் காட்டும். 1990-91 பருவம் இதற்கு மிகப் பொருத்தமானது. அந்தப் பருவத்தில் கோல்கீப்பர் டேவிட் சீமனும், பின்களத்தில் ஆடம்ஸின் கூட்டாளிகளான டிக்சன், வின்டர்பர்ன், போல்ட் ஆகியோரும் 38 லீக் ஆட்டங்களிலும் ஆடினார்கள். ஆடம்ஸ் 30 ஆட்டங்களில்தான் ஆடினார். காரணம் காயம் அன்று. குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்துக்குள்ளான வழக்கில் 1990 டிசம்பரில் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் சிறையில் இருந்து 1991 பிப்ரவரி நடுவில் வெளிவந்தார். அந்தப் பருவம் முழுவதிலும் ஆர்சனல் தோற்ற ஒரே லீக் ஆட்டம், பிப்ரவரி 2 அன்று செல்சியின் மைதானத்தில் 1-2 என்று தோற்றது. ஆடம்ஸ் அன்று சிறையில் இருந்தார்.

இந்தச் செய்தியைப் படித்தவுடன் முடிவுக்குத் தாவத் தோன்றும். தாவ வேண்டாம். அவர் இல்லாத மற்ற லீக் ஆட்டங்களில் ஆர்சனல் தோற்கவில்லை என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. அவர் இல்லாமலும் அந்தப் பின்களம் நிலைகுலையாமல் நின்றது என்பதே நேர்மையான வாசிப்பு. அப்படி நிற்க முடிந்தது ஏன் என்ற கேள்விதான் நம்மை அடுத்த படிக்கு அழைத்துச் செல்கிறது.

பக்கத்தில் நின்றவர்கள்

தடுப்பாட்டக்காரரைத் தனியாளாகப் படிப்பது தவறு. மைய வீரர் ஒருவர் ஓரடி முன்னே நகர்வது சரியா தவறா என்பது, மற்ற மூவரும் அவருடன் நகர்ந்தார்களா என்பதைப் பொறுத்தது. 1986இல் ஆர்சனலுக்குப் பயிற்சியாளராக வந்த ஜார்ஜ் கிரஹாம், முதல் இரண்டு ஆண்டுகளில் செய்த பெரும் வேலை இந்த நால்வரைச் சேர்த்ததுதான். இடப்புறத்துக்கு நைஜல் வின்டர்பர்னை 1987இல் விம்பிள்டனிலிருந்து வாங்கினார். வலப்புறத்துக்கு லீ டிக்சனையும் மையத்துக்கு ஸ்டீவ் போல்டையும் 1988இல் ஸ்டோக் சிட்டியிலிருந்து வாங்கினார். ஆடம்ஸ் மட்டுமே சங்கத்திலேயே வளர்ந்தவர். 1990இல் சீமன் கோல்கீப்பராக வந்தார். இளமையில் ஆர்சனலில் இருந்து விலகிச் சென்ற மார்ட்டின் கியோன் 1993இல் திரும்பி வந்தார். இந்த அறுவரின் பெயர்கள் உங்கள் ஏட்டில் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அப்படித் திரும்ப வருவதுதான் ஆடம்ஸின் வாழ்க்கையைப் பற்றிய மிக முக்கியமான செய்தி என்பது என் கருத்து.

கிரஹாம் பயிற்சியின்போது நால்வரையும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகரச் செய்தார் என்று சொல்லப்படுவதுண்டு. ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கயிறு இழுத்துக் காட்டிவிடும். ஆட்டத்தில் கயிறு இல்லை; அதன் இடத்தில் ஆடம்ஸின் குரலும் உயர்த்திய கையும் இருந்தன. நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறும்போது, எதிரணி முன்கள வீரர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் சிக்கி ஆஃப்சைடு (விதிப்படி பந்தை வாங்கக் கூடாத இடத்தில் நிற்பவர்) ஆகிவிடுவார். இதைச் செய்யும் நொடியைத் தீர்மானிப்பவர் மைய வீரர். அவர் தாமதித்தால் எதிரணிக்குக் கோல் வாசல் திறந்துவிடும். அவசரப்பட்டால் நால்வருக்கும் பின்னால் வெற்றிடம் உண்டாகிவிடும். பத்தாண்டுக்கு மேலாக ஒரே ஆட்கள் ஒரே குரலைக் கேட்டு நகர்ந்தால் அந்த நொடி பழக்கமாகிவிடுகிறது. ஒருவர் இரண்டு மாதம் இல்லாவிட்டாலும் பழக்கம் போய்விடுவதில்லை.

இந்த இடத்தில் விதிமாற்றங்களையும் ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 1990 வரை, கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணும்போது கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நின்ற முன்கள வீரரும் ஆஃப்சைடுதான். அந்த ஆண்டு முதல் நேராக நிற்பது அனுமதிக்கப்பட்டது. 1992 முதல், சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பியளிக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்றானது. முதல் மாற்றம் கோட்டைக் கட்டும் வேலையைக் கடினமாக்கியது. இரண்டாவது மாற்றம், நெருக்கடியில் பந்தைக் கோல்கீப்பரிடம் தள்ளி மூச்சுவிடும் பழக்கத்தை ஒழித்து, தடுப்பாட்டக்காரரும் காலில் பந்தை வைத்து ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது. 1985இல் ஆடிய ஒருவரையும் 1995இல் ஆடிய ஒருவரையும் ஒப்பிடும்போது, இவர்கள் ஒரே விதியின்கீழ் ஆடவில்லை என்பதை மறந்துவிட்டால் ஒப்பீடு முழுவதும் பிசகிப்போகும். ஆடம்ஸ் இரு காலங்களிலும் பட்டம் வென்றார்.

ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது

ஏடு எத்தனை நிறைந்தாலும், ஓர் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்க்காமல் தடுப்பாட்டக்காரரைப் பற்றி எழுத முனைய வேண்டாம். கோல் தொகுப்புகள் இதற்குப் பயன்படா. அவற்றில் தடுப்பாட்டக்காரர் தோற்கும் காட்சிகள்தாம் இருக்கும். தொண்ணூறு நிமிடமும் உள்ள பதிவு வேண்டும்.

ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எல்லாரையும் போலப் பந்தின் பின்னே போங்கள். இரண்டாம் முறை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டு, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்க ஓரத்தில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார்? அவருடைய உடல் பந்தை நோக்கித் திரும்பியிருக்கிறதா, ஆளை நோக்கியா, இரண்டையும் பார்க்கும்படி சாய்ந்திருக்கிறதா? பந்து உதைக்கப்படும் முன்பே அவருடைய முதல் அடி எழுகிறதா, உதைத்த பிறகா? யாரைப் பார்த்துக் கை நீட்டுகிறார்? தொலைக்காட்சிக் கேமரா பந்தோடு போவதால் அவர் அடிக்கடி சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார். அப்போது மனம் சோராமல், அவர் மீண்டும் எந்த இடத்தில் சட்டகத்துக்குள் நுழைகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவையான இடத்தில் அவர் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பது தெரியத் தொடங்கும்போது, இந்தத் தொழிலின் அழகும் தெரியத் தொடங்கும். அந்த அனுபவத்தை நான் பலருக்கும் பரிந்துரைப்பேன்.

ஆடம்ஸைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய ஆட்டம் 1989 மே 26, வெள்ளிக்கிழமை இரவு, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்தது. அதற்கு ஆறு வாரம் முன்பு ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் நிகழ்ந்த நெரிசல் பேரழிவில் லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்திருந்தார்கள். அதனால்தான் இந்த ஆட்டம் பருவத்தின் இறுதிக்குத் தள்ளிப்போனது. ஆட்டத்துக்கு முன் ஆர்சனல் வீரர்கள் பூங்கொத்துகளுடன் பார்வையாளர் பகுதிகளுக்குச் சென்றதைப் பதிவில் காணலாம். அதைத் தாண்டிவிட்டு ஆட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஆர்சனலுக்குப் பட்டம் வேண்டுமானால் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். கோல் தேவைப்பட்ட இரவில் கிரஹாம் தாக்குதல் வீரரைக் கூட்டவில்லை. ஆடம்ஸ், போல்ட் இருவருடன் டேவிட் ஓலியரியையும் மையத்தில் நிறுத்தி, பின்களத்தை ஐவராக்கினார். இதன் பயனை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உணர முடியும்: டிக்சனும் வின்டர்பர்னும் ஓரங்களில் துணிந்து முன்னே ஏறுகிறார்கள், ஏனென்றால் பின்னே மூவர் இருக்கிறார்கள். இடைவேளைவரை கோல் இல்லை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வின்டர்பர்ன் உதைத்த ஃப்ரீ கிக்கை ஆலன் ஸ்மித் தலையால் வலைக்குள் திருப்புகிறார். தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களுக்குள் ஆட்டம் போன பிறகு, கோல்கீப்பர் ஜான் லூகிச் பந்தைத் தூரமாக உதைக்காமல் கையால் டிக்சனிடம் உருட்டுகிறார். டிக்சன் நீளமாக ஸ்மித்துக்கு அனுப்ப, ஸ்மித் தட்டிவிட்ட பந்தோடு மைக்கேல் தாமஸ் ஓடிச் சென்று இரண்டாவது கோலை அடிக்கிறார். இங்கிலாந்துக் கால்பந்தில் மிக அதிகமாகப் பேசப்படும் கோல்களில் ஒன்று வலப்புறத் தடுப்பாட்டக்காரரின் காலிலிருந்து கிளம்பியது. அந்தப் பருவம் முழுவதிலும் 28 கோல் மட்டுமே வாங்கிய லிவர்பூலின் மைதானத்தில் ஆர்சனல் ஒன்றும் வாங்காமல் இரண்டு அடித்தது.

தவறுகளை எடைபோடுவது

ஆன்ஃபீல்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு நாட்களையும் ஏட்டில் சேர்க்க வேண்டும். 1988 ஜூன் 15 அன்று டுசல்டார்ஃபில் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் நெதர்லாந்து இங்கிலாந்தை 3-1 என்று வென்றது. மூன்று கோல்களையும் மார்கோ வான் பாஸ்டன் அடித்தார், அவரைத் தடுக்க வேண்டியவர்களில் ஒருவர் இருபத்தொரு வயது ஆடம்ஸ். 1989 ஏப்ரல் 2 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இரு கோல்களும் அவருடையவை: ஒன்று ஆர்சனலுக்காக அடித்தது, மற்றது தன் வலைக்குள்ளேயே போனது. தேசிய நாளிதழ் ஒன்று அவருடைய படத்தில் கழுதைக் காது வரைந்து வெளியிட்டது. அதன்பின் பல ஆண்டுகள் எதிரணி ரசிகர்கள் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கழுதை என்று கத்தினார்கள்.

தவறை எடைபோடும்போது தலைப்புச் செய்தியை ஒதுக்கிவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தத் தவறு எப்படிப்பட்டது: இடம் தவறி நின்றதாலா, முயன்றபோது பந்து பிசகியதாலா? அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரை வைத்திருந்தாரா? அதே வகைத் தவறு பிறகும் வந்ததா? ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது, ஆபத்தான பந்தை வெளியேற்ற முயன்றபோது அது பிசகியதால் விழுந்த கோல். முயலாமல் நின்றவருக்கு அது நேர்ந்திருக்காது. அணித்தலைவர் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை. எட்டு வாரத்துக்குள் அவர் ஆன்ஃபீல்டில் கோப்பையைத் தூக்கினார். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், ஒரு நாடே சிரிக்கும்போது, தொடர்ந்து பின்களத்தின் நடுவில் நின்று கை உயர்த்திக்கொண்டிருந்தார் என்பதை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன்.

மைதானத்துக்கு வெளியே

சில வீரர்களின் வாழ்க்கையில் இந்தப் பகுதிக்கு ஒரு வரி போதும். ஆடம்ஸின் வாழ்க்கையில் போதாது. ஆனால் எழுதுவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவானதும், அவரே வெளிப்படையாகச் சொன்னதும் மட்டுமே ஏட்டில் இடம்பெறலாம். 1996 கோடையில் ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தின் தலைவராக ஆடி, அரையிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டிகளில் தோற்ற சில மாதங்களிலேயே, செப்டம்பரில், தாம் மதுவுக்கு அடிமைப்பட்டவர் என்று அவர் பொதுவெளியில் அறிவித்தார். அந்தக் காலத்து ஆங்கிலக் கால்பந்தில் வீரர்கள் கூடிக் குடிப்பது வழக்கமாகவே இருந்தது. அதனிடையே ஓர் அணித்தலைவர் இப்படிச் சொன்னது பெரிய செயல். மற்றவர்களுக்கும் உதவ, அடிமைப்பழக்கத்தில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்கான சிகிச்சை அமைப்பு ஒன்றை 2000இல் நிறுவினார்.

இதை உணர்ச்சிக் கதையாக மட்டும் வாசித்துவிட்டால் ஆட்டத்துக்கு அதனால் என்ன ஆயிற்று என்பது விடுபட்டுப்போகும். 1996 அக்டோபரில் ஆர்சென் வெங்கர் பயிற்சியாளராக வந்து உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றினார். முப்பது வயதில், குடியை விட்ட உடலோடு, ஆடம்ஸ் அந்த மாற்றத்துக்குள் நுழைந்தார். 1997 டிசம்பரில் பிளாக்பர்னிடம் சொந்த மைதானத்தில் 1-3 என்று தோற்ற பிறகு, கணுக்கால் சிகிச்சைக்காகப் பிரான்சுக்குச் சென்று, தேறித் திரும்பினார். 1998 மே 3 அன்று எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதியில், தடுப்பாட்டக்காரரான போல்ட் மேலே தூக்கிவிட்ட பந்தைத் தடுப்பாட்டக்காரரான ஆடம்ஸ் முன்களத்தில் எடுத்து இடக்காலால் வலைக்குள் அடித்தார். 4-0, பட்டமும் உறுதியானது. ஏடு முழுவதும் படித்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் கோலின் பொருள் பத்து மடங்காகத் தெரியும்.

நாட்டு அணிக்குத் தனி ஏடு

சங்கத்தின் வரிகளோடு நாட்டு அணியின் வரிகளைக் கலக்க வேண்டாம். 1987 பிப்ரவரியில் மாட்ரிட்டில் ஸ்பெயினுக்கு எதிராக முதன்முதலாக ஆடிய ஆடம்ஸ், 1966 உலகக் கோப்பை வெற்றிக்குப் பின் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் வீரர். 2000 அக்டோபரில் பழைய வெம்ப்ளி மைதானத்தின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக ஆடியது அவருடைய 66ஆவதும் கடைசியும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு 66 என்பது குறைவு. 1990 உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்கவில்லை. 1994க்கு இங்கிலாந்தே தகுதி பெறவில்லை. 1998இல் மட்டும் ஆடினார். சங்க ஏட்டில் தொடர்ச்சியும் இந்த ஏட்டில் இடைவெளிகளும் தெரிவது இயல்பு. ஆண்டுக்குச் சில நாட்களே கூடும் அணியில், கயிறு கட்டிப் பழகிய நால்வர் கிடைப்பதில்லை.

இன்றைய வீரர் ஒருவருக்கு இதே முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்போது டேக்கிள்களின் எண்ணிக்கை, இடைமறித்த பந்துகளின் எண்ணிக்கை என்று பல புள்ளிவிவரங்கள் எளிதில் கிடைக்கின்றன. அதிகம் டேக்கிள் செய்தவரே சிறந்தவர் என்று கொள்ளாதீர்கள். சரியான இடத்தில் நிற்பவருக்குச் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க வேண்டிய தேவை குறைவு. அணியிடம் பந்து அதிக நேரம் இருந்தாலும் எண்ணிக்கை குறையும்.

கடைசி வரி

ஏட்டின் கடைசி வரியைக் கவனத்தோடு நிரப்புங்கள், ஏனெனில் தடுப்பாட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் விலகுவதில்லை. பக்கத்துப் பெயர்கள் முதலில் மாறும். போல்ட் 1999இலும் வின்டர்பர்ன் 2000இலும் வெளியேறினார்கள். 2001இல் சோல் கேம்பெல் வந்தார். 2001-02 பருவத்தில் ஆர்சனல் லீக்கையும், தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றது. 1989, 1991, 1998ஐ அடுத்து ஆடம்ஸ் தலைமையில் நான்காவது லீக் பட்டம். அவர் ஆடியது 10 லீக் ஆட்டங்கள்தான். ஆனால் 2002 மே 4 அன்று கார்டிஃபில் செல்சியை 2-0 என்று வென்ற கோப்பை இறுதியாட்டத்தில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடினார். அந்த நாளின் வரியில் பக்கத்தில் நின்றவர்களை எழுதுங்கள்: வலப்புறம் லாரன், மையத்தில் உடன் கேம்பெல், இடப்புறம் ஆஷ்லி கோல். பின்னால், 1990இலிருந்து அதே இடத்தில், சீமன்.